எந்த போஸ்?

என் தலைப்பெழுத்து 'போ'. பள்ளியில் வருகைப் பதிவேடு வாசிக்கும் ஆசிரியை "போ. செல்வராணி" என்று அழைத்ததும் பின் வரிசையிலிருந்து "எங்கே போக?" என்று ஒரு குரல் வரும். ஐந்தாம் வகுப்பு முழுக்க இதே வேடிக்கைதான்.

அப்பாவின் பெயர் போஸ். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போயிருந்த தாத்தா, போர் முடிந்து ஊர் திரும்பியதும் பிறந்த முதல் பையனுக்கு வைத்த பெயர் அது. மதுரைக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு போஸ் இருந்த காலம் உண்டு. வங்காளத்தில் குடும்பப் பெயராக இருப்பது எங்கள் வீட்டில் ஆளின் பெயர். என் வங்கிக் கணக்கில் அது 'செல்வராணி போஸ்' என்று பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. புதிதாக வந்த மேலாளர் ஒருவர் என்னைக் கல்கத்தாக்காரி என்று நினைத்து, ரசகுல்லா செய்யத் தெரியுமா என்று கேட்டார்.

இருபது வருடங்களாக வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறேன். புத்தகத்தின் கடைசியில் வரும் பெயரடைவும் போட்டுக் கொடுக்கிறேன். இந்தப் பெயரில் நானே ஒரு முறை வசமாகச் சறுக்கினேன். ஓர் அறிவியல் வரலாற்று நூலுக்கு 'போஸ், ஜே.சி. - 41, 43, 112, 203' என்று ஒரே பதிவாகப் போட்டுவிட்டேன். புத்தகம் வெளிவந்து இரண்டு மாதங்களில், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "அம்மையீர், 203ஆம் பக்கத்தில் இருப்பவர் ஜே.சி. போஸ் அல்லர், அவரிடம் படித்தவர்." வேறு ஒரு வரியும் இல்லை. அன்று முதல் போஸ் என்று எங்கே பார்த்தாலும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கப் பழகிக்கொண்டேன். கட்டுரை எழுதுகிறவர்கள், விநாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கும் ஆசிரியர்கள், என்னைப் போல அடைவு போடுகிறவர்கள் ஆகியோருக்காக அந்தப் பழக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயரைச் சரியான இடத்தில் வெட்டுங்கள்

நம் குழப்பத்தில் பாதி நாமே உண்டாக்கியது. 'சுபாஷ் சந்திரபோஸ்' என்று எழுதிப் பழகிவிட்டோம். 'சுபாஷ்' தனியாக, 'சந்திரபோஸ்' சேர்ந்து. அதே கையோடு 'ஜகதீஷ் சந்திரபோஸ்' என்றும் எழுதுகிறோம். பார்க்கிறவர் கண்ணுக்குச் சந்திரபோஸ் என்ற குடும்பத்தில் பிறந்த அண்ணன் தம்பி இருவர் போலத் தெரிகிறது. பள்ளி நாடக அழைப்பிதழ் ஒன்றில் 'விஞ்ஞானி சந்திரபோஸ், அவரது சகோதரர் நேதாஜி' என்று அச்சாகியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வங்காளத்தில் வெட்டு வேறு இடத்தில் விழுகிறது. அங்கே 'சந்திர', 'நாத்', 'பிஹாரி' எல்லாம் முதல் பெயரின் வால். வங்க எழுத்தில் சுபாஷ்சந்திர, ஜகதீஷ்சந்திர, சத்யேந்திரநாத், ராஷ்பிஹாரி என்று சேர்த்தே எழுதுவார்கள். அதற்குப் பிறகு இடைவெளி விட்டுத்தான் குடும்பப் பெயர். 'சந்திர' என்ற வால் நம் ஊர் 'சாமி', 'ராஜன்' மாதிரி. யார் பெயரிலும் வந்து ஒட்டும். முத்துசாமியும் கந்தசாமியும் பெயரில் சாமி இருப்பதால் உறவாகிவிடுவார்களா? ஆகவே அடைவுக்காகப் பெயருக்கு ஒன்றாகப் போடும் குறிப்பட்டையில் எழுதும்போது நான் 'போஸ், சுபாஷ்சந்திர' என்றுதான் எழுதுகிறேன். 'சந்திரபோஸ், சுபாஷ்' என்று ஒரு நாளும் எழுதுவதில்லை. புத்தகத்தின் உள்ளே ஆசிரியர் எப்படி எழுதியிருந்தாலும் அதில் கை வைக்க மாட்டேன். அடைவில் மட்டும் பிடிவாதம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நம் பக்கத்தில் 'சந்திரபோஸ்' என்பது முழுசாக ஓர் ஆளின் பெயர். தமிழ்ப் படங்களுக்கு இசையமைத்த சந்திரபோஸ், தெலுங்கில் பாட்டு எழுதி 2023இல் ஆஸ்கர் வாங்கிய சந்திரபோஸ் ஆகிய இருவரையும் 'ச' வரிசையில் வைக்க வேண்டும். அவர்களை 'போஸ்' வரிசைக்கு இழுத்தால் வாசகர் தேடிக் களைத்துப்போவார். எங்கள் அப்பாவின் கதையும் இதுதான். பெயர் ஒரே பெயர்தான். அது நிற்கும் நாற்காலி வேறு.

பாசுவும் போஸும் ஒன்று

வெட்டத் தெரிந்த பிறகு அடுத்த சிக்கல் எழுத்துக்கூட்டல். வங்காளத்தில் எழுதுவது 'வசு' என்பதற்கான எழுத்துகள். அஷ்டவசுக்களில் வரும் அதே வசு. அதை அவர்கள் 'போஷு' என்பதுபோல உச்சரிப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் போஸ் ஆனார்கள், சிலர் பாசு ஆனார்கள். 1977 முதல் 2000 வரை மேற்கு வங்கத்தின் முதலமைச்சராக இருந்த ஜோதிபாசுவும் சுபாஷும் வங்க எழுத்தில் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள். ஒரே வீட்டுக்குள்ளேயே இது பிரிந்ததும் உண்டு. 'பரசுராம்' என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிய ராஜசேகர் பாசுவும், இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை 1922இல் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸும் உடன்பிறந்தவர்கள். அண்ணன் பாசு, தம்பி போஸ். இப்படிப்பட்ட இடத்தில் நான் இரண்டு பதிவும் போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் 'காண்க' என்று மற்றதைக் காட்டிவிடுவேன்.

எச்சரிக்கை ஒன்று: இந்தித் திரைப்பட இயக்குநர்கள் பாசு சட்டர்ஜி, பாசு பட்டாச்சார்யா ஆகிய இருவருக்கும் பாசு என்பது முதல் பெயர். அவர்களைச் 'ச'விலும் 'ப'விலும் அவரவர் குடும்பப் பெயரின்கீழ் தேடிப்போய் வையுங்கள்.

ஆண்டு, ஊர், வேலை

இனி முக்கியமான வேலை. பக்கத்தில் வெறும் 'போஸ்' என்று இருந்தால் மூன்றைப் பார்க்க வேண்டும்: எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன வேலை. மூன்றில் இரண்டு கிடைத்தால் போதும், ஆளைப் பிடித்துவிடலாம். ஒன்றை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம்.

என்னை வீழ்த்திய இரண்டு விஞ்ஞானிகளையே எடுத்துக்கொள்கிறேன். ஜகதீஷ்சந்திர போஸ் 1858இல் பிறந்தவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். ஆங்கிலேயப் பேராசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்தார்கள் என்பதற்காக மூன்று வருடங்கள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்திய பிடிவாதக்காரர். 1890களில் மிகக் குறுகிய மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். பிறகு செடிகொடிகளின் பக்கம் திரும்பி, அவற்றின் வளர்ச்சியை அளக்கக் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். 1917 நவம்பர் 30, தன் பிறந்த நாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் திறந்தார். சத்யேந்திரநாத் போஸ் 1894 ஜனவரி 1 அன்று பிறந்தவர். அதே பிரசிடென்சியில் அவரிடம் படித்தவர். 1921இல் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1924இல் அங்கிருந்து தன் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்ப, ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் பெயர்த்து வெளியிடச் செய்தார். போஸ்-ஐன்ஸ்டைன் புள்ளியியல் அங்கே பிறந்தது. ஒரு வகைத் துகள்களுக்குப் 'போசான்' என்று இவர் பெயரை வைத்தவர் இயற்பியலாளர் டிராக். 2012இல் ஹிக்ஸ் போசான் பற்றி எல்லாப் பத்திரிகையும் எழுதியபோது சில இடங்களில் தாவர விஞ்ஞானியின் படம் வெளிவந்ததைப் பார்த்தேன். என் 203ஆம் பக்கம் நினைவுக்கு வந்தது, சிரிக்கத் தோன்றவில்லை.

இவர்களைப் பிரிக்க எளிய வழி: செடி, கம்பியில்லா அலை, 'சர்' பட்டம் இவற்றில் ஏதாவது ஒன்று பக்கத்தில் இருந்தால் மூத்தவர். டாக்கா, ஐன்ஸ்டைன், துகள் என்றால் இளையவர். எஸ்ராஜ் என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்தார் என்று வந்தாலும் இளையவர்தான். 'போஸ் நிறுவனம்' என்று மட்டும் இருந்தால் சற்று நில்லுங்கள். கல்கத்தாவில் சத்யேந்திரநாத் பெயரிலும் அடிப்படை அறிவியலுக்கான தேசிய மையம் ஒன்று இருக்கிறது. அது 1986இல் வந்தது. 1917 என்றால் ஜகதீஷ்சந்திர. அதன் பிறகு எந்த ஆண்டானாலும் வாக்கியத்தைத் திரும்பப் படித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அரசியலில் இன்னும் வழுக்கும். ஒரு மாதிரி வாக்கியம் வைத்துப் பார்ப்போம்: 'காங்கிரஸ் தலைவர் போஸ் சென்னையில் பேசினார்.' கண்ணை மூடிக்கொண்டு சுபாஷ் என்று எழுதிவிடுவோம். 1898இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஆனந்தமோகன் போஸ். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் தேறி 'ராங்லர்' ஆன முதல் இந்தியர். அப்போது சுபாஷ் கட்டக்கில் ஒரு வயதுக் குழந்தை. சுபாஷ் சென்னைக் கடற்கரையில் பேசியது 1939 செப்டம்பர் 3 அன்று. பேச்சின் நடுவே கூட்டத்திலிருந்து ஒருவர் மாலைப் பத்திரிகையை அவர் கையில் திணித்தார். போர் தொடங்கிவிட்டது என்ற செய்தி அதில் இருந்தது. ஆனால் அந்தத் தேதியில் அவர் காங்கிரஸ் தலைவர் அல்லர். 1938இல் ஹரிபுராவிலும் 1939 தொடக்கத்தில் திரிபுரியிலும் தலைமை ஏற்றவர், ஏப்ரலிலேயே பதவி விலகி ஃபார்வர்டு பிளாக் தொடங்கிவிட்டார். ஆகவே 'காங்கிரஸ் தலைவர்', 'சென்னை' இரண்டும் சேர்ந்து வந்தால் ஆனந்தமோகன் பக்கமே சாயுங்கள்.

இந்திய தேசிய ராணுவம் பற்றிய புத்தகங்கள்தான் என் பொறுமையை அதிகம் சோதிப்பவை. அங்கே போஸ் இருவர். டெல்லியில் 1912 டிசம்பர் 23 அன்று வைஸ்ராய் ஹார்டிஞ்சு மீது குண்டு வீசிய சதியின் பின்னால் இருந்த ராஷ்பிஹாரி போஸ், 1915இல் ஜப்பானுக்குத் தப்பியவர். டோக்கியோவில் நாகமுராயா என்ற ரொட்டிக்கடைக் குடும்பம் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. அந்த வீட்டுப் பெண் தோஷிகோவை மணந்தார். அந்தக் கடையில் 1927 முதல் விற்ற இந்தியக் கோழிக்குழம்பு அவருடைய கைமணம். 1942இல் இந்திய சுதந்திர லீகைக் கட்டி நடத்தியவரும் அவரே. 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூரில் தலைமையைச் சுபாஷிடம் ஒப்படைத்தார். நான் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். தென்கிழக்கு ஆசியாவில் அதற்கு முன் வரும் போஸ் ராஷ்பிஹாரி. அதற்குப் பின் வருகிறவர் பெரும்பாலும் சுபாஷ். தாத்தா மலாயாவில் கண்டது இரண்டாமவரை என்பது எங்கள் வீட்டு வழக்கு. என்ன கண்டார், எவ்வளவு தூரத்திலிருந்து கண்டார் என்று கேட்டால் மட்டும் வருடத்துக்கு வருடம் தூரம் குறைந்துகொண்டே வந்தது.

குதிராம் போஸைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1908, முசாஃபர்பூர் குண்டுவீச்சு என்ற இரண்டும் அவருக்கே உரியவை. மூன்று பிடி குருணைக்கு அக்காளிடம் 'விற்கப்பட்ட' பிள்ளை என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். வங்காளத்தில் 'குத்' என்றால் குருணை. 1908 ஆகஸ்ட் 11 அன்று தூக்கிலிடப்பட்டபோது வயது 18. ஒரு பொறி மட்டும் உண்டு: அவருக்கும் ஓவியர் நந்தலால் போஸுக்கும் பிறந்த நாள் ஒன்று, டிசம்பர் 3. நந்தலால் 1882, குதிராம் 1889. நாள்காட்டி பார்த்து எழுதுகிறவர்கள் கவனிக்கவும்.

நந்தலாலைப் பற்றி எனக்குப் பிடித்த சிக்கல் ஹரிபுரா. அந்த 1938 மாநாட்டின் தலைவர் சுபாஷ் போஸ். அதே மாநாட்டுப் பந்தல்களுக்கு, காந்தி கேட்டுக்கொண்டபடி, கிராமத்து உழைப்பாளிகளையும் வாத்தியக்காரர்களையும் வரைந்து கொடுத்தவர் நந்தலால் போஸ். 'ஹரிபுராவில் போஸ்' என்று ஓர் அத்தியாயத் தலைப்பே வரலாம். அப்போது வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள்: தீட்டினாரா, பேசினாரா?

பங்காளி ஆக்காதீர்கள், பங்காளியை மறைக்கவும் செய்யாதீர்கள்

பெயர் ஒன்றாக இருந்தால் உறவு என்று நினைப்பது நம் ரத்தத்தில் இருக்கிறது. ஜகதீஷ்சந்திர, சத்யேந்திரநாத், சுபாஷ்சந்திர மூவரும் மூன்று வீட்டுப் பிள்ளைகள். சுபாஷுக்கும் ராஷ்பிஹாரிக்கும் ரத்த உறவு இல்லை. இப்படிச் சொல்லிவிட்டு எல்லாரையும் அந்நியர் ஆக்கிவிடவும் கூடாது. சரத்சந்திர போஸ் சுபாஷின் சொந்த அண்ணன். 1941 ஜனவரியில் எல்ஜின் சாலை வீட்டிலிருந்து சுபாஷை நள்ளிரவில் காரில் ஏற்றிக்கொண்டு போன சிசிர்குமார் போஸ், இந்தச் சரத்சந்திரரின் மகன்.

இன்னும் நுட்பமானது ஆனந்தமோகன் கதை. அவர் மணந்தது ஜகதீஷ்சந்திரரின் அக்காள் தங்கையரில் ஒருவரான சுவர்ணபிரபாவை. அதாவது மாப்பிள்ளையும் போஸ், மைத்துனரும் போஸ். வங்காளத்தில் போஸ் வீட்டுப் பெண் போஸ் வீட்டுக்கே மருமகளாகப் போகலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால், 'சகோதரர்' என்று தப்பாக எழுதிவிடுவோம்.

பெண்கள் விஷயத்தில் ஆண்டு இன்னும் முக்கியம். ஜகதீஷ்சந்திரரின் மனைவி அபலா போஸ் 1882இல் மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்தார். கல்கத்தாவில் அப்போது பெண்களைச் சேர்க்கவில்லை. உடல்நலம் கெட்டுப் படிப்பை முடிக்காமல் திரும்பினார். சென்னை மருத்துவக் கல்லூரிப் பதிவேடுகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரையில் அபலா போஸ் என்று தேடினால் கிடைக்க மாட்டார். அப்போது அவர் அபலா தாஸ், கல்யாணம் 1887இல்தான். நான் 'தாஸ், அபலா - காண்க: போஸ், அபலா' என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன்.

கடல் கடந்தவர்கள் இருவரை மறக்காதீர்கள், ஏனென்றால் இவர்களைத் தான் இளைஞர்கள் அறியாமலே தினமும் பயன்படுத்துகிறார்கள். காதில் மாட்டும் கருவியில் இருக்கும் 'போஸ்', அமெரிக்காவில் பிறந்து எம்.ஐ.டி.யில் பாடம் நடத்திய அமர் போஸ் 1964இல் தொடங்கிய நிறுவனம். இவர் தந்தை பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி அங்கே போன வங்காளி. இன்னொருவர் ராஜ்சந்திர போஸ். 1959இல் ஸ்ரீகண்டே, பார்க்கர் இருவருடன் சேர்ந்து, எண்களைக் கட்டங்களில் அடுக்கும் லத்தீன் சதுரங்கள் பற்றிக் கணித அறிஞர் ஆய்லர் சொன்ன ஊகம் தவறு என்று காட்டிய கணித மேதை. டீக்கடையில் பணம் கட்டக் கைப்பேசியைக் காட்டுகிறோமே, அந்தக் கருப்பு வெள்ளைக் கட்டத்தின் ஒரு பகுதியைப் பிழை திருத்திப் படிக்கப் பி.சி.எச். குறியீடு உதவுகிறது, அதில் முதல் எழுத்து இவர்.

அட்டை போடும் முறை

ஒரு போஸுக்கு ஓர் அட்டை. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் பரப்புவேன். மே மாதத்தில் இது தவம். அட்டையின் மேல் வரியில் 'போஸ், சத்யேந்திரநாத் (இயற்பியலாளர், 1894-1974)' என்று தொழிலும் ஆண்டும் சேர்த்து எழுதுவேன். முதல் எழுத்துகள் மட்டும் போதாது. எஸ்.சி. போஸ் என்றால் சுபாஷா, சரத்தா? கணினியில் தேடல் வசதி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று பதிப்பக இளைஞர் ஒருவர் கேட்டார். தேடினால் போஸ் 86 இடத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். எந்த போஸ் என்று சொல்லாது. போதாக்குறைக்குப் 'போஸ்ட் ஆபீஸ்' எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும்.

கட்டுரை எழுதுகிறவர்களுக்கு: முதல் முறை முழுப்பெயர், பிறகு முதல் பெயர். வங்காளிகளே 'சுபாஷ்சந்திர', 'ஜகதீஷ்சந்திர' என்றுதான் எழுதுவார்கள். 'போஸ்' என்று சுருக்குவது ஆங்கில நூல்களைப் பார்த்து நமக்கு வந்த பழக்கம்.

கடைசி அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். அதன் தலைப்பு 'எந்த போஸ்?' முடிவு தெரியாத பக்க எண்கள் எல்லாம் அதில் போகும். அது காலியாகும்வரை அடைவை அனுப்ப மாட்டேன். போன மாதம் நீலகிரி பற்றிய நூல் ஒன்றில் ஒரே ஓர் எண் மிஞ்சி நின்றது: 'போர்க்காலத்தில் குன்னூரில் காவலில் வைக்கப்பட்டிருந்த போஸ்.' நூலாசிரியரே 'நேதாஜிதான் அம்மா' என்றார் தொலைபேசியில். போர்க்காலத்தில் நேதாஜி பெர்லினிலும் சிங்கப்பூரிலும் அல்லவா இருந்தார் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. 1941 டிசம்பரில் கைதாகி, 1945வரை தென்னாட்டுச் சிறைகளிலும் கடைசியில் குன்னூரிலும் அடைபட்டிருந்தவர் அண்ணன் சரத்சந்திரர். எண்ணை அவர் அட்டைக்கு மாற்றிவிட்டு மின்விசிறியைப் போட்டேன்.